காரணிப் பட்டியல் தவறும்போது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

ஒரு முழு எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அனைத்தும் அதன் காரணிகள். வரையறை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் 180, 756 போன்ற ஓர் எண்ணைக் கொடுத்து, அதன் காரணிகள் அனைத்தையும் எழுதச் சொன்னால், நன்றாகக் கணக்குப் போடுபவர்களின் பட்டியலில்கூட ஒன்றிரண்டு விடுபட்டிருக்கும். வகுக்கத் தெரியாததால் இது நேர்வதில்லை. எந்த வரிசையில் தேடுவது, எங்கே நிறுத்துவது, தேடியது முழுமையானதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்ற மூன்றிலும் தெளிவு இல்லாததால்தான் நேர்கிறது. காரணிப் பட்டியலுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு: அதில் பிழை இருந்தால், விடைப் பக்கத்தைப் புரட்டாமலேயே, அந்தப் பட்டியலைக் கொண்டே பிழையைப் பிடித்துவிடலாம். எனவே கீழே ஒவ்வொரு பிழையும் அது வெளியே தெரியும் விதத்தைக் கொண்டு தொடங்குகிறது. உங்கள் விடையில் காணும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதியை முதலில் படிக்கலாம். இங்கே பேசப்படுபவை அனைத்தும் மிகை முழு எண்கள்.

அறிகுறி: பட்டியலில் சில காரணிகள் விடுபடுகின்றன

எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். காரணிகளைத் தனித்தனி எண்களாகத் தேடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். காரணிகள் இணைகளாகவே அமைகின்றன. 180ஐ 4 மீதியின்றி வகுத்தால், ஈவாகக் கிடைக்கும் 45உம் 180ஐ மீதியின்றி வகுக்கும். ஆகவே 4ஐக் கண்ட அதே கணத்தில் 45உம் கிடைத்துவிட்டது. அதைப் பின்னர் தேட வேண்டியதில்லை. இணைகளாக எழுதினால் 180இன் பட்டியல் இவ்வாறு வரும்: 1 × 180, 2 × 90, 3 × 60, 4 × 45, 5 × 36, 6 × 30, 9 × 20, 10 × 18, 12 × 15. மொத்தம் ஒன்பது இணைகள், பதினெட்டுக் காரணிகள்.

1இலிருந்து தொடங்கி ஓர் எண்ணையும் தாண்டாமல் வரிசையாகச் சோதிப்பது முக்கியம். 7, 8, 11 ஆகியவை 180ஐ வகுக்காது என்று தெரிந்தாலும், அவற்றைச் சோதித்ததாக ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது. மனத்தில் தோன்றிய வரிசையில் எழுதுபவர்கள் 10ஐ எட்டியதும் முடிந்துவிட்டதாக எண்ணி நிறுத்திவிடுவதைப் பார்க்கலாம். அவர்கள் இழப்பது பெரும்பாலும் 12 × 15 போன்ற, நடுவில் நெருக்கமாக அமைந்த இணையைத்தான். வாய்ப்பாட்டில் பழகிய 2, 5, 10 ஆகியவற்றின் இணைகள் எளிதில் நினைவுக்கு வருகின்றன. நடுவில் உள்ளவை தேடினால்தான் கிடைக்கும்.

எழுதிய பட்டியலைச் சோதிக்க, அதை ஏறுவரிசையில் அடுக்கி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள். பிறகு இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் பெருக்குங்கள். இப்படியே உள்நோக்கிச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மூல எண்ணே வர வேண்டும். 180இன் பட்டியலில் 15 மட்டும் விடுபட்டிருந்தால், 10 × 18 வரை எல்லாம் சரியாக வந்து, நடுவில் 12 துணையின்றி நிற்கும். 180ஐ 12ஆல் வகுத்தால் விடுபட்டது எது என்று உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 12, 15 இரண்டும் சேர்ந்தே விடுபட்டிருந்தால், மீதமுள்ள எட்டு இணைகளும் பழுதின்றிப் பொருந்தும். சோதனை எதையும் காட்டாது. அப்போது எண்ணிக்கையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். மூல எண்ணைப் பகாக் காரணிகளாக எழுதி, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வரும். 180 = 2² × 3² × 5 என்பதால், 3 × 3 × 2 = 18. கையில் பதினாறுதான் இருக்கிறது என்றால், ஓர் இணை முழுவதும் தொலைந்திருக்கிறது என்று பொருள். இந்த வாய்பாடு ஏன் பொருந்துகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது: 180இன் எந்தக் காரணியிலும் 2 என்பது இல்லாமலோ, ஒரு முறையோ, இரு முறையோ வரலாம், 3க்கும் அவ்வாறே மூன்று வாய்ப்புகள், 5க்கு இரண்டு. இந்த வாய்ப்புகளின் பெருக்கல்பலனே எண்ணிக்கை.

அறிகுறி: எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை

சிலர் 180ஐ 179 வரை எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க முயல்கிறார்கள். சிலர் பாதி எண்ணான 90 வரை செல்கிறார்கள். இரண்டும் சரியான விடையைத் தரும், ஆனால் தேவையற்ற உழைப்பு. ஓர் இணையில் உள்ள இரண்டு காரணிகளும் மூல எண்ணின் வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருக்க முடியாது. இருந்தால் அவற்றின் பெருக்கல்பலன் மூல எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வோர் இணையிலும் ஓர் உறுப்பாவது வர்க்கமூலத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ இருந்தே தீரும். அந்த எல்லை வரை தேடினால் எல்லா இணைகளும் கிடைத்துவிடும்.

வர்க்கமூலத்தைத் துல்லியமாகக் காண வேண்டிய அவசியமும் இல்லை. 13² = 169, 14² = 196 என்பதால், 180க்கு 13 வரை சோதித்தால் போதும். வர்க்கங்கள் நினைவில் இல்லாவிட்டால் ஈவைக் கவனியுங்கள்: 12ஆல் வகுக்கும்போது ஈவு 15, 14ஆல் வகுக்க முயன்றால் ஈவு 12, மீதி 12. வகுக்கும் எண்ணைவிட ஈவு சிறியதாகிவிட்ட இடமே நிறுத்த வேண்டிய இடம். அதற்கு மேல் கிடைப்பவை எல்லாம் ஏற்கெனவே கண்ட இணைகளின் மறுபாதிதான்.

அறிகுறி: காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருகிறது

மூல எண் முழு வர்க்கமா என்று முதலில் பாருங்கள். முழு வர்க்கமாக இருந்தால் ஒற்றைப்படைதான் சரி. 144இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 16, 18, 24, 36, 48, 72, 144 என்று பதினைந்து. நடுவில் உள்ள 12 தனக்குத்தானே இணை. அதனால் 144க்குப் பதினாறு என்று வந்திருந்தால், 12 × 12 என்ற இணையை எழுதும்போது 12 இரு முறை பட்டியலில் நுழைந்திருக்கக்கூடும். மூல எண் முழு வர்க்கம் இல்லாதபோது ஒற்றைப்படை வந்தால், ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது அல்லது மிகையாக நுழைந்திருக்கிறது. முன்பு சொன்ன இணைச் சோதனை அதைக் காட்டிவிடும்.

அறிகுறி: பகா எண் என்று முடிவு செய்த எண்ணுக்குக் காரணிகள் இருக்கின்றன

91ஐப் பகா எண் என்று எழுதாதவர்கள் குறைவு. 2ஆல் வகுபடவில்லை, 3ஆல் வகுபடவில்லை, 5ஆல் வகுபடவில்லை என்றதும் தேடல் நின்றுவிடுகிறது; 7 × 13 = 91 என்பது வாய்ப்பாட்டில் பத்துக்கு மேல் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. 100க்குக் கீழே, 2, 3, 5 ஆகிய மூன்றாலும் வகுபடாத பகு எண்கள் மூன்றே மூன்று: 49, 77, 91. இவற்றை நினைவில் வைத்துக்கொண்டால், நூறுக்குக் கீழே இந்தப் பிழை நேரவே நேராது. 51 (3 × 17), 57 (3 × 19), 87 (3 × 29) ஆகியவையும் பலரை ஏமாற்றுபவைதான் என்றாலும், இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அவை தப்ப முடியாது.

நூறுக்கு மேலே சென்றால் நினைவாற்றலை நம்பக் கூடாது. வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்தே ஆக வேண்டும். 221ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 14² = 196, 15² = 225 என்பதால் 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறையும் சோதிக்க வேண்டும். 11 வரை வகுபடாததைக் கண்டு நிறுத்துபவர் பகா எண் என்று எழுதிவிடுவார்; கடைசியாக உள்ள 13தான் விடை, 221 = 13 × 17. 323உம் அப்படியே: எல்லைக்குள் உள்ள கடைசிப் பகா எண்ணான 17தான் அதை வகுக்கிறது, 17 × 19. இதற்கு மாறாக 397ஐ 2 முதல் 19 வரையான எட்டுப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் ஒன்றும் மீதியின்றி வகுக்காது; 20² = 400 என்பதால் அங்கேயே தேடல் முடிகிறது, 397 பகா எண் என்பது உறுதியாகிறது. பாதி வழியில் நின்ற தேடல் எதையும் நிறுவுவதில்லை.

இங்கே இரண்டு வேறுபட்ட வேலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைக் கவனிக்க வேண்டும். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 2ஆல் வகுபடாத எண் 4ஆலும் 6ஆலும் வகுபடப் போவதில்லை. ஆனால் எல்லாக் காரணிகளையும் இணைகளாகப் பட்டியலிடும்போது 4, 6, 9, 10 ஆகியவற்றையும் சோதித்தே ஆக வேண்டும். முதல் வேலைக்குரிய குறுக்கு வழியை இரண்டாவது வேலையில் பயன்படுத்தினால், 180இன் பட்டியலில் பகு எண்களாக உள்ள காரணிகள் பல காணாமல் போகும்.

100 வரையுள்ள பகா எண்கள் 25. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸின் பெயரால் வழங்கும் சல்லடை முறையில், 2 முதல் 100 வரையான எண்களை எழுதி, 2, 3, 5, 7 ஆகியவற்றை விட்டுவிட்டு அவற்றின் மற்ற மடங்குகளை அடித்தால் போதும், அவை 25உம் கிடைத்துவிடும். 100ஐ அடுத்த பகா எண் 101. அதன் வர்க்கம் 10201. ஆகவே இந்த 25 எண்களைக் கையில் வைத்திருப்பவர், 10201க்குக் குறைவான எந்த எண்ணையும் பகா எண்ணா இல்லையா என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். காரணி காணும் வேலையில் இதைவிடப் பயனுள்ள வேறு பட்டியல் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: வகுபடும் தன்மை விதி ஒன்றைச் சொல்ல, வகுத்தல் வேறொன்றைச் சொல்கிறது

வகுத்தலைத்தான் நம்ப வேண்டும். விதி தவறான இடத்தில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. கடைசி இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்வது 2, 5, 10 ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும். 3இல் முடிந்தாலும் 23 மூன்றால் வகுபடாது. 7இல் முடிந்தாலும் 37 ஏழால் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டும் முறை 3க்கும் 9க்கும் உரியது. 10ஐயும் அதன் அடுக்குகளையும் 9ஆல் வகுத்தால் மீதி 1 வருவதுதான் அந்த முறையின் அடிப்படை. 7க்கு அந்த இயல்பு இல்லாததால் அங்கே அது செல்லாது.

7க்கு வேறொரு முறை உண்டு. கடைசி இலக்கத்தை இரட்டித்து, அதை நீக்கியபின் எஞ்சும் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். 1617க்கு 161 − 14 = 147; மீண்டும் 14 − 14 = 0. ஆகவே 1617 ஏழால் வகுபடும். 11க்கு இலக்கங்களை மாறிமாறிக் கூட்டியும் கழித்தும் பார்க்கிறோம். இங்கே விடை 0 வந்தால்தான் வகுபடும் என்று நினைத்து, 11, −11 ஆகியவை வரும்போது எண்ணைத் தள்ளிவிடுவது வழக்கமான பிழை. 2739க்கு 2 − 7 + 3 − 9 = −11. இது 11இன் மடங்கு என்பதால் 2739 வகுபடும், ஈவு 249.

இரண்டு விதிகளைச் சேர்க்கும்போதுதான் நுட்பமான தவறு நிகழ்கிறது. 2ஆலும் 3ஆலும் வகுபடும் எண் 6ஆல் வகுபடும் என்பது உண்மை. அதே போக்கில், 4ஆலும் 6ஆலும் வகுபடும் எண் 24ஆல் வகுபடும் என்று முடிவு செய்தால் தவறு: 36ஐ 4 வகுக்கிறது, 6 வகுக்கிறது, 24 வகுக்கவில்லை. 4க்கும் 6க்கும் 2 பொதுக் காரணியாக இருப்பதால், அந்த 2 இரு முறை எண்ணப்பட்டுவிட்டது. 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத இரண்டு எண்களுக்கு மட்டுமே இப்படிப் பெருக்கலாம். 24க்கு 3ஐயும் 8ஐயும் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: பகாக் காரணிகளைப் பெருக்கினால் மூல எண் திரும்பக் கிடைக்கவில்லை

756இன் பகாக் காரணிகள் 2, 3, 7 என்று எழுதிப் பெருக்கினால் 42தான் வருகிறது. பிழை எங்கே என்று தேட எளிய வழி, மூல எண்ணைக் கிடைத்த பெருக்கல்பலனால் வகுப்பது. 756 ÷ 42 = 18; விடுபட்டது 18, அதாவது 2 × 3². சேர்த்து எழுதினால் 756 = 2² × 3³ × 7. எவை பகாக் காரணிகள் என்பதும், ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒரு பகா எண்ணால் வகுத்தபின், அது இனி வகுக்காது என்று தெரியும் வரை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெருக்கல்பலன் சரியாக வந்தும் விடை தவறாக இருக்கக்கூடும். எண்ணைக் கிளை கிளையாகக் காரணிகளாகப் பிரித்து எழுதும் காரணிச் செடியின் ஒரு கிளை 9இலோ 51இலோ முடிந்திருந்தால், பெருக்கும்போது மூல எண் வந்துவிடும். ஆனால் அடுக்குகள் தவறாகி, காரணிகளின் எண்ணிக்கையும் தவறிவிடும். எனவே ஒவ்வொரு கிளையின் நுனியும் பகா எண்தானா என்று தனியே பார்க்க வேண்டும். 1ஐக் கிளையாக எழுதக் கூடாது. எத்தனை முறை எழுதினாலும் பெருக்கல்பலன் மாறாததால் செடி முடிவே இல்லாமல் வளரும்.

பகாக் காரணிகள் சரியாக இருந்தும் முழுப் பட்டியலை எழுதத் தடுமாறுபவர்கள், அடுக்குகளைப் படிப்படியாகச் சேர்க்கலாம். 756க்கு முதலில் 2இன் அடுக்குகளான 1, 2, 4 ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றை 3ஆல் பெருக்கினால் 3, 6, 12. மேலும் 3ஆல் பெருக்கினால் 9, 18, 36. இன்னொரு முறை 27, 54, 108. இந்தப் பன்னிரண்டையும் 7ஆல் பெருக்கினால் 7, 14, 28, 21, 42, 84, 63, 126, 252, 189, 378, 756. மொத்தம் 24. வாய்பாட்டின்படியும் 3 × 4 × 2 = 24. காரணிகள் மிகுந்த எண்களுக்கு இணைகளாகத் தேடுவதைவிட இந்த வழியே பாதுகாப்பானது.

அறிகுறி: பட்டியலில் மூல எண்ணைவிடப் பெரிய எண் இருக்கிறது, அல்லது 1 இல்லை

முதலாவது, மடங்கைக் காரணி என்று கருதியதால் வருவது. 12க்கு 24 மடங்கு. 24க்கு 12 காரணி. எந்தக் காரணியும் மூல எண்ணைத் தாண்டாது. இரண்டாவது மறதி: 1உம் அந்த எண்ணும் எப்போதும் பட்டியலில் உண்டு. 1க்குக் காரணி ஒன்றே ஒன்று, எனவே அது பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று. 0ஐ எல்லா மிகை எண்களும் மீதியின்றி வகுப்பதால் அதற்கு முடிவுள்ள பட்டியல் இல்லை.

அறிகுறி: கால்குலேட்டரும் நிரலும் காரணி அல்லாததைக் காரணி என்கின்றன

எட்டு இலக்கத் திரையுள்ள கால்குலேட்டரில் 87654321 ÷ 7 என்று இட்டால், புள்ளிக்குப் பின் எதையும் காட்ட இடமில்லாததால் 12522045 என்று முழு எண்ணாகத் தோன்றலாம். உண்மையில் மீதி 6 இருக்கிறது. திரையில் உள்ள ஈவைப் புதிதாக உள்ளிட்டு 7ஆல் பெருக்கிப் பாருங்கள். 87654315 வருவதால் உண்மை வெளிப்பட்டுவிடும். புதிதாக உள்ளிட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு: சில கருவிகள் திரையில் காட்டாத இலக்கங்களையும் உள்ளே வைத்திருப்பதால், அப்படியே பெருக்கினால் மூல எண்ணையே திருப்பித் தந்துவிடும்.

நிரல் எழுதுபவர்கள் தசம வகுத்தலைத் தவிர்த்து, மீதி காணும் செயற்குறியையே பயன்படுத்த வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 2⁵³, அதாவது 9007199254740992 என்ற அளவுக்கு மேல் எல்லா முழு எண்களையும் துல்லியமாகக் காட்டாது. நிறுத்தும் எல்லையை, வகுக்கும் எண்ணின் வர்க்கம் மூல எண்ணைத் தாண்டவில்லை என்று சோதிப்பவர்கள், 32 பிட் முழு எண் வகையில் 46341இன் வர்க்கமே எல்லையான 2147483647ஐத் தாண்டிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூல எண்ணும் அந்த எல்லைக்கு அருகில் இருந்தால் சுழற்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. வகுக்கும் எண் ஈவைத் தாண்டவில்லை என்று சோதித்தால் இந்தச் சிக்கல் எழாது.

அறிகுறி: சிறிய பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை, எண்ணோ பெரியது

சிறிய காரணி இல்லை என்பதால் காரணியே இல்லை என்று முடிவு செய்வதில் பெரிய கணித மேதைகளும் தவறியிருக்கிறார்கள். 2³² + 1 = 4294967297 பகா எண் என்று ஃபெர்மா நம்பினார்; 1732இல் ஆய்லர் அதை 641 வகுப்பதைக் காட்டினார், ஈவு 6700417. இதற்கு மறுபுறமும் உண்டு: 2⁶⁷ − 1 என்ற 21 இலக்க எண் பகு எண் என்று 1876இல் லூக்காஸ் நிறுவினார், ஆனால் அதன் காரணிகளான 193707721, 761838257287 ஆகியவற்றை 1903இல்தான் கோல் வெளியிட்டார். ஓர் எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளைக் கைப்பற்றுவதும் வேறு வேறு என்பதால், முதலாவது முடிந்து இரண்டாவது முடியவில்லை என்றால் உங்கள் கணக்கில் பிழை இருக்கிறது என்று பொருளாகாது.

காகிதத்தில் போடும் அளவுள்ள எண்களுக்கு, 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தபின், ஃபெர்மாவின் வர்க்க வேறுபாட்டு முறையை முயலலாம். இது ஒற்றை எண்களுக்கு உரியது. 2இன் அடுக்குகளை முன்பே நீக்கிவிட வேண்டும். 4891க்கு வரிசையாக வகுத்துச் சென்றால், பத்தொன்பதாவது பகா எண்ணான 67ஐ எட்டும்போதுதான் விடை கிடைக்கும். மாறாக, அதற்கு அடுத்த வர்க்கமான 70² = 4900 என்பதிலிருந்து 4891ஐக் கழித்தால் 9, அதாவது 3². எனவே 4891 = 70² − 3² = (70 − 3) × (70 + 3) = 67 × 73; ஒரே கழித்தலில் முடிந்துவிட்டது. 70க்கு மிக அருகே இரு பக்கமும் சம தொலைவில் காரணிகள் அமைந்திருப்பதே இந்த விரைவுக்குக் காரணம்.

காரணிகள் சற்று விலகியிருந்தால் சில படிகள் கூடும். 2117ஐ எடுத்துக்கொண்டால் 47² − 2117 = 92, 48² − 2117 = 187, 49² − 2117 = 284, 50² − 2117 = 383, 51² − 2117 = 484. இவற்றில் 484 மட்டுமே 22இன் வர்க்கம்; ஆகவே 2117 = (51 − 22) × (51 + 22) = 29 × 73. எந்த முழு வர்க்கமும் 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடிவதில்லை என்பதால் 92, 187, 383 மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் தள்ளிவிடலாம்; 284 மட்டும் 16² = 256க்கும் 17² = 289க்கும் இடையில் இருப்பதைக் கண்டு தள்ள வேண்டும்.